மஹல்லாவைக் கணக்கெடுப்பது எப்படி?

(தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டார மஹல்லாக்களின் கணக்கெடுப்புத் தொண்டர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

நம் மேடைகளில் மிகவும் மலிவாகக் கிடைக்கும் சரக்கு எது என்றால், புள்ளிவிவரம் என்றுதான் சொல்லுவேன். "இந்தத் தொகுதியில் நாம் இத்தனை சதவீதம், நம் பிள்ளைகளில் இத்தனை பேர் படிப்பை நிறுத்தி விட்டார்கள்" என்று அடுக்கிக் கொண்டே போகிறோம். இறங்கி வந்த பிறகு ஒரு தம்பி, "ஹஜ்ரத், இந்தக் கணக்கு எங்கே எடுத்தது?" என்று கேட்டால், "சுமாராகச் சொன்னேன் தம்பி" என்கிறோம். மேடையில் 'சுமார்' செல்லும், நீதிமன்றத்தில் செல்லாது. செல்லாமல் போன கதையை முதலில் சொல்லி விடுகிறேன். ஏன் இத்தனை பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே உட்கார வைத்திருக்கிறோம் என்பது அதிலேயே விளங்கும்.

ஆந்திராவில் நடந்தது

2004ஆம் ஆண்டு ஆந்திர அரசு முஸ்லிம்களுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு என்று ஆணை போட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தைக் கேட்காமல் போட்ட ஆணை என்று அதே ஆண்டில் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளியது. சரி என்று ஆணையத்தின் அறிக்கையை வாங்கி மறுபடி கொண்டு வந்தார்கள். 2005 நவம்பரில் அதுவும் போயிற்று. ஆணையம் விவரம் திரட்டிய விதம் சரியில்லை என்றார்கள். 2007இல், மொத்த முஸ்லிம்களுக்கும் என்று இல்லாமல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவுகளுக்கு மட்டும் 4 சதவீதம் என்று புதிய சட்டம் வந்தது. 2010 பிப்ரவரியில் ஏழு நீதிபதிகள் அமர்ந்து, ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அதையும் ரத்து செய்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அவசர கதியில் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு அறிவியல் முறையில் அமையவில்லை என்பது. மறுமாதமே உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்ததால்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசல் திறந்தது.

கவனியுங்கள். அந்த மக்கள் ஏழைகள் அல்லர் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ரிக்ஷா இழுப்பவனும் பஞ்சு அடிப்பவனும் ஏழை என்பது ஹைதராபாத் தெருவில் நடந்து போனவனுக்கெல்லாம் தெரியும். ஆனால், தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு.

அது ஆந்திரா, நமக்கென்ன என்று யாரும் சாய்ந்து உட்கார வேண்டாம். தமிழ்நாட்டில் வன்னியர் சமுதாயத்துக்கு 2021இல் கொடுத்த 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2022 மார்ச் 31 அன்று உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. 1980களில் அம்பாசங்கர் ஆணையம் எடுத்த பழைய கணக்கை வைத்துக் கொண்டு இன்றைக்குச் சட்டம் போட முடியாது என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமான வாதம். இத்தனைக்கும் அம்பாசங்கர் ஆணையத்தின் கணக்கு, மாநிலம் முழுவதும் வீடு வீடாகப் போய் எடுத்தது. எடுத்த காலத்தில் அதைவிடப் பெரிய வேலை தமிழ்நாட்டில் நடக்கவில்லை. கணக்குக்கும் வயது உண்டு! நமக்கு 2007 செப்டம்பரில் கிடைத்த 3.5 சதவீதத்தை நாளைக்கு ஒருவர் நீதிமன்றத்துக்கு இழுத்தால், நம் கையில் என்ன இருக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நாம் 42 லட்சம் பேர், 5.86 சதவீதம் என்பது இருக்கிறது. அது தலை எண்ணிக்கை. எத்தனை வீட்டில் பட்டதாரி இருக்கிறார், எத்தனை பேர் கையில் செல்லுபடியாகும் சாதிச் சான்றிதழ் இருக்கிறது என்பதற்கு நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை.

எழுதுங்கள் என்றார்கள்

"எண்ணுவதெல்லாம் எதற்கு, பரக்கத் போய்விடும்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்காக ஒரு ஹதீஸை நினைவுபடுத்துகிறேன். புகாரியில் ஜிஹாத் பாடத்தில், தலைவர் மக்களைப் பதிவு செய்வது பற்றிய தலைப்பில் வருகிறது. இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள், நாங்கள் ஆயிரத்து ஐந்நூறு பேரை எழுதிக் கொடுத்தோம் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். வேறு அறிவிப்பில் ஐந்நூறு என்று இருக்கிறது. இன்னொன்றில் அறுநூறுக்கும் எழுநூறுக்கும் இடையில் என்று இருக்கிறது. மதரஸாவில் இந்த இடத்துக்கு வரும்போது நாங்கள் உஸ்தாதைப் பார்ப்போம், இப்படி வேறுபடுகிறதே என்று. விரிவுரை எழுதிய இமாம்கள் இதை மறைக்கவில்லை. ஓர் எண் ஆண், பெண், சிறுவர் அனைவரையும் சேர்த்ததாக இருக்கலாம், ஓர் எண் ஆண்களை மட்டும், ஓர் எண் போருக்குத் தகுதியானவர்களை மட்டும் குறிக்கலாம், அல்லது வெவ்வேறு சமயங்களில் எடுத்ததாக இருக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். கணக்கெடுப்பின் முதல் பாடமே இதுதான். எத்தனை என்பதற்கு முன்னால், யாரை எண்ணினாய், எப்போது எண்ணினாய் என்பதற்குப் பதில் வேண்டும்.

இதே கோளாறு நம் காலத்தில் என்ன செய்தது தெரியுமா? முஸ்லிம் பிள்ளைகளெல்லாம் மதரஸாவில்தான் படிக்கிறார்கள் என்று நாடு முழுவதும் ஒரு பேச்சு இருந்தது. 2006 நவம்பரில் சச்சார் குழு கொடுத்த அறிக்கை, பள்ளிக்குச் செல்லும் வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவுக்குச் செல்வோர் 3 சதவீதம்தான் என்றது. மதரஸா வேறு, மக்தப் வேறு. காலையில் ஸ்கூலுக்குப் போய்விட்டு மாலையில் ஒரு மணி நேரம் குர்ஆன் ஓத வரும் பிள்ளையையும் மதரஸா மாணவன் என்று சேர்த்து விடுகிறார்கள் என்று அந்தக் குழு விளக்கியது. ஒரு சொல்லை வரையறுக்காமல் விட்டதால் ஒரு சமுதாயத்தின் மீதே பழி விழுந்தது. ஆகவே நம் படிவத்தில் 'மதரஸா' என்று மொட்டையாக ஒரு கட்டம் இருக்கக் கூடாது. முழுநேரமா, மாலையிலா, ஸ்கூலும் போகிறானா என்று மூன்றாகக் கேட்க வேண்டும்.

சச்சார் குழுவிடம் இன்னொன்றையும் கற்றுக் கொள்ளலாம். அவர்கள் வீடு வீடாகப் போகவில்லை. மக்கள்தொகைக் கணக்கு, மாதிரி ஆய்வு நிறுவனத்தின் 61ஆம் சுற்று, வங்கிகள், அரசுத் துறைகள் என்று ஏற்கெனவே கிடந்த விவரங்களை வாங்கிப் பிரித்தார்கள். இராணுவத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் 2006இல் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அரசு அலுவலகத்தில் இருக்கும் விவரத்துக்கு 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் முடிகிற வேலைக்கு நம் பிள்ளைகளின் செருப்பைத் தேய்க்க வேண்டாம். அரசு வேலையில் 3.5 சதவீத இடம் நிரப்பப்பட்டதா என்பதை வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால் தெரியாது. இந்த வீட்டுப் பிள்ளை ஏன் விண்ணப்பிக்கவே இல்லை என்பதைக் கதவைத் தட்டினால்தான் தெரியும்.

சந்தா புத்தகம் மஹல்லா ஆகாது

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். எந்தப் பள்ளிவாசலில் கேட்டாலும், "எங்களிடம் கணக்கு இருக்கிறதே, சந்தா புத்தகத்தைப் பாருங்கள்" என்பார்கள். சந்தா புத்தகத்தில் யார் இருக்கிறார்? சொந்த வீடு உள்ளவர், கடை வைத்திருப்பவர், மையவாடி உரிமை வேண்டும் என்று நினைக்கிற பழைய குடும்பத்தார். நம் பகுதி அப்படிப்பட்ட ஊரா? நாகல்கேணி தோல் ஷெட்டுகளுக்குப் பாலாற்றங்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள், கடை வேலைக்கு இராமநாதபுரம், திருநெல்வேலி பக்கத்திலிருந்து வந்தவர்கள், சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள், பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக் கொண்டே இருப்பவர்கள். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும், நகரத்திலிருந்து அப்புறப்படுத்திக் கொண்டு வந்து வாரிய அடுக்குமாடியில் குடியமர்த்திய குடும்பங்கள் வேறு. இவர்களில் எத்தனை பேர் சந்தா புத்தகத்தில் இருக்கிறார்கள்? யாருக்காக நாம் இந்த வேலையைத் தொடங்கினோமோ, அவர்கள்தான் அந்தப் புத்தகத்தில் இல்லை.

வாக்குச்சாவடி வாரியான வாக்காளர் பட்டியலை எடுத்துக் கொள்ளுங்கள். அதிலிருந்து நம் ஆட்களின் 100 குடும்பங்களைக் குறித்து, அவற்றில் எத்தனை சந்தா புத்தகத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். 40தான் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் நம் புத்தகம் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் பார்க்கிறது. வாக்காளர் பட்டியலும் முழுமையல்ல, நேற்று குடி வந்தவர் அதில் இருக்க மாட்டார். ஆனால் ஒரு பட்டியலின் ஓட்டையை இன்னொரு பட்டியல் காட்டும்.

"ஜும்ஆ முடிந்ததும் வாசலில் படிவம் கொடுத்து நிரப்பி வாங்கி விடலாமே, ஒரே நாளில் ஆயிரம் சேரும்" என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றும் சொல்கிறார்கள். 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஜனாதிபதித் தேர்தலுக்குக் கருத்துக் கணிப்பு நடத்தியது. ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பினார்கள். சுமார் 24 லட்சம் பேர் பதில் போட்டார்கள். லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் ஜெயித்தார்! டெலிபோன் வைத்திருப்பவர், கார் வைத்திருப்பவர் பட்டியலிலிருந்து முகவரி எடுத்ததும், விரும்பியவர் மட்டும் பதில் போட்டதும்தான் காரணம். அதே தேர்தலில், அதில் ஒரு சிறு பங்கு ஆட்களை மட்டும் கேட்ட காலப் சரியாகச் சொன்னார். ஜும்ஆ வாசலில் நமக்குக் கிடைப்பது தொழ வருகிற, எழுதத் தெரிந்த, அவசரமில்லாத ஆண்களின் கணக்கு. ஷிப்டுக்குப் போனவன் அதில் இல்லை, விதவைத் தாய் அதில் இல்லை.

ஒரு பானை சோறு

எல்லா வீட்டுக்கும் போயாக வேண்டுமா? என்ன தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்தது. உதவித்தொகைக்கு யார் யார் தகுதி, யாருக்குச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும் என்றால் ஒரு வீடும் விடக்கூடாது. நூற்றுக்கு எத்தனை பிள்ளை பத்தாம் வகுப்போடு நிற்கிறது என்று தெரிந்தால் போதும் என்றால் மாதிரி எடுத்தால் போதும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஆனால் பிரியாணி ஆக்குகிற பண்டாரியைக் கேளுங்கள், மேலே ஒரு சோற்றைப் பார்த்து தேக்சாவை இறக்க மாட்டார். அடிப்பிடித்திருக்கிறதா என்று ஓரத்திலும் அடியிலும் கரண்டி விட்டுப் பார்ப்பார். நமக்கும் பள்ளிவாசல் தெரு மட்டும் போதாது, ரயில்வே லைன் ஓரமும் வேண்டும்.

எந்தத் தெரு, எந்த வீடு என்பதை நாம் தேர்ந்தெடுத்தால் நம் மனசு வேலை செய்யும். தெரிந்த வீடு, டீ கொடுக்கிற வீடு, நாய் இல்லாத வீடு என்று போகும். அதனால் குலுக்கிப் போடுங்கள். நபி (ஸல்) அவர்கள் பிரயாணத்துக்கு எந்த மனைவியை அழைத்துச் செல்வது என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள். குர்ஆ போடுவது நமக்குப் புதிதல்ல. தெருக்களைச் சீட்டு எழுதிக் குலுக்கி எடுத்து, அந்தத் தெருவில் நம் வீடுகளை வரிசையாக எண் போட்டு, ஐந்தில் ஒன்று என்று போங்கள். எண் விழுந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகாதீர்கள், மறுநாள் அதே வீட்டுக்குப் போங்கள். பூட்டியிருக்கிற வீட்டில்தான் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எடுத்த கணக்கு வீட்டில் இருப்பவர்களின் கணக்கு.

எத்தனை வீடு? தற்செயலாக எடுத்த 400 வீடு என்றால் சதவீதம் ஐந்து புள்ளி முன்பின் இருக்கும். அதைப் பாதியாகக் குறைக்க 800 போதாது, 1600 வேண்டும். தெருத் தெருவாக எடுக்கும்போது ஒரே தெருவினர் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் 400க்கு மேலே கொஞ்சம் கூட்டிக் கொள்ளுங்கள்.

சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் ஒரு தெருவுக்கு ஒரு வீடு என்று சிதறி இருக்கிறோம். அங்கே ஒவ்வொரு கதவையும் தட்டி, நீங்கள் என்ன மதம் என்று கேட்டுக் கொண்டு போனால் வம்பு வரும், வர வேண்டியதுதான். அங்கே ஒருவரைக் கேட்டு அடுத்தவரைக் கண்டுபிடிக்கும் வழிதான் உண்டு. ஆனால் அப்படிக் கிடைத்த வீடுகளைத் தனிக் கட்டாக வையுங்கள், அதில் சதவீதம் போடாதீர்கள். யாருடனும் ஒட்டுறவு இல்லாதவர் அந்தச் சங்கிலியில் வரவே மாட்டார்.

யார் கேட்பது, எப்படிக் கேட்பது

இதில்தான் எனக்கு மிகுந்த கவலை. தாடியும் தொப்பியுமாக நான் போய், "வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டால் எந்த வீட்டில் ஆமாம் என்பார்கள்? "அஸ்தஃபிருல்லாஹ் ஹஜ்ரத்" என்பார்கள். அடுத்த நாள் காலையில் குழுக் கடன்காரன் வாரத் தவணைக்கு அதே வாசலில் நிற்பான். கடன், சீதனம், நகை அடகு, தலாக் இவற்றையெல்லாம் சகோதரிகள்தான் கேட்க வேண்டும். அதுவும் பக்கத்துத் தெருப் பெண் வேண்டாம், வேறு மஹல்லாப் பெண் போகட்டும். உருது பேசும் வீட்டுக்கு உருது தெரிந்தவர் போகட்டும். இப்போதும் மனம் திறக்க மாட்டார்கள் என்று தோன்றுகிற ஒன்றிரண்டு கேள்விகளுக்குப் பெயர் எழுதாத சீட்டு கொடுத்து, மடித்து உண்டியலில் போடச் சொல்லலாம். எழுதத் தெரியாதவர் டிக் போடுவார்.

பதிலைக் கேள்வியிலேயே வைக்காதீர்கள். "பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைக்கிறீர்களா?" என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். ஒவ்வொரு பிள்ளையாக வயது என்ன, எந்த வகுப்பு, நின்றிருந்தால் எந்த வருடம், ஏன் என்று கேளுங்கள். வருமானம் எவ்வளவு என்றால் குறைத்துச் சொல்வார்கள், மாப்பிள்ளை பார்க்கிற நேரமாக இருந்தால் கூட்டிச் சொல்வார்கள். வாடகை என்ன, அட்வான்ஸ் என்ன, யார் யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டால் ஓரளவு நிலை தெரியும். தொழுகிறீர்களா, எந்தக் கொள்கை, எந்தக் கட்சி என்பதெல்லாம் இந்தப் படிவத்தில் கூடாது. கூடவே கூடாது.

சான்றிதழ்க் கேள்வியைத் தனியே சொல்ல வேண்டும். இஸ்லாத்தில் சாதி இல்லை என்று நான்தான் குத்பாவில் சொல்கிறேன். ஆனால் அரசுப் பட்டியலில் லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி, ஷேக், சையத், மாப்பிள்ளை, அன்சர், துதேகுலா என்று ஏழு பிரிவுகள் இருக்கின்றன. "நீங்கள் என்ன சாதி?" என்று கேட்டால், "நாங்க முஸ்லிம்தான்" என்று பதில் வரும். மார்க்கத்தில் அது சரியான பதில், தாலுகா ஆபீசில் பிள்ளையின் இடத்தைக் கெடுக்கிற பதில். ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "பிள்ளையின் சாதிச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது, பார்க்கலாமா?" சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள், கேட்டு எழுதாதீர்கள். 1931க்குப் பிறகு முதல் முறையாக, எல்லாச் சாதியையும் கேட்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்துவது என்று 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. 2027 மார்ச் 1 அதற்கு அடிப்படை நாள். நம் வீடுகளில் எத்தனை பேர் என்ன பதில் சொல்லப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிய இந்த ஒரு கேள்வி உதவும்.

வாசலில் நின்று ஸலாம் சொல்லுங்கள். அனுமதி பெறாமல் பிறர் வீட்டில் நுழையக் கூடாது, திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்புவது சுன்னத். "இப்ப வேணாம் தம்பி" என்றால் முகம் சுளிக்காமல் நேரம் கேட்டு வாருங்கள். மறுத்த வீட்டையும் 'மறுப்பு' என்று எழுதுங்கள், எழுதாமல் விடாதீர்கள். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்த பிறகு, காகிதமும் பேனாவுமாக யார் வந்தாலும் நம் மக்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. அந்தப் பயத்தை நையாண்டி செய்யாதீர்கள். ஆதார் எண் வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம். பெயரும் முகவரியும் ஒரு தாளில், பதில்கள் வேறு தாளில், இரண்டுக்கும் ஒரே எண். பெயர்த் தாள் ஜமாஅத் பெட்டியில் பூட்டில் இருக்கும். கட்சிக்காரருக்கும் தராதீர்கள், நம் அமைப்பின் மேல்மட்டத்துக்கும் தராதீர்கள். நான் கேட்டாலும் தராதீர்கள்!

ஹதீஸ் கலையில் செய்தியைப் பார்ப்பதற்கு முன் அறிவிப்பாளரைப் பார்க்கிறோம். இங்கும் அப்படியே. பத்து வீட்டுக்கு ஒரு வீடு வேறொருவர் மறுபடி போய், நான்கு கேள்வி மட்டும் கேட்டு ஒப்பிட வேண்டும். வீட்டுக்குப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பியது அதில் அகப்பட்டு விடும். ஒருவருடைய படிவத்தில் இரண்டு வீடு பொய்த்தால் அவர் எடுத்த கட்டு முழுவதையும் ஒதுக்கிவிட்டு வேறு ஆள் அனுப்புவோம். அவர் யாருடைய மகனாக இருந்தாலும் சரி.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு தெருக்களுக்குச் சீட்டுக் குலுக்குகிறோம். நிர்வாகிகள் எல்லாரும் கண்ணால் பார்க்க வர வேண்டும். அதற்கு அடுத்த வாரம் ஆளுக்குப் பத்து வீடு, சோதனைக்கு மட்டும். அந்தப் படிவங்கள் கணக்கில் சேராது. எந்தக் கேள்விக்கு மக்கள் விழிக்கிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று ஓரத்தில் குறித்து வாருங்கள், அதைப் பார்த்துத்தான் படிவத்தை அச்சுக்குக் கொடுப்போம். சகோதரிகளுக்கான பயிற்சி தனியாக நடக்கும், அதை நடத்தப் போவதும் சகோதரிகளே. இப்போது மக்ரிபுக்கு முன் அரை மணி நேரம் இருக்கிறது, சந்தேகங்களைக் கேளுங்கள்.